மேல் வரிசையா, கீழ் வரிசையா

1

இந்தக் கதை ஒரு ஈரத் துண்டில் தொடங்கியது. முதல் இரண்டு வரைவுகளிலும் அந்தத் துண்டு இல்லை. இது மூன்றாவது.

முதல் வரைவின் தொடக்கம்: ஒட்டன்சத்திரம் சந்தையில் கூட்டித் தள்ளும் வெங்காயத் தோல், ஒருநாள் உலகத்து ரப்பரையெல்லாம்—

(நிறுத்தினேன். உலகத்தைப் பற்றி எனக்குத் தெரியாது. வத்தலகுண்டு சாலையில் ஒரு பட்டறையைத் தெரியும்.)

2

அங்கே சொட்டுநீர்க் குழாய்களுக்கு ரப்பர் வாஷர் செய்கிறார்கள். வெயிலில் ரப்பர் விரிசல் விடாதிருக்க, பெட்ரோலியத்திலிருந்து வரும் ஒரு ரசாயனத்தைச் சேர்ப்பது வழக்கம். அதற்குப் பதில் வெங்காயத் தோலின் சாறு போதும் என்கிறார் அங்கே வேலை பார்க்கும் வேதியியல் பட்டதாரி ரீனா.

முதலாளி ஆண்டனிராஜ் கேட்டார்: "ஏம்மா, நாம வாஷர் போடுறோமா, பஜ்ஜி போடுறோமா?"

"பஜ்ஜி நாப்பது நாள் வெயில்ல கெடக்காதுண்ணே. இது கெடக்கும்."

"பாப்போம். வெடிக்கலேன்னா அடுத்த லோடு முழுக்க உன் சரக்குதான். வெடிச்சா இந்தப் பேச்சையே விட்டுறணும்."

மொட்டைமாடியில் ஒரு மரச்சட்டம். அதில் இழுத்துக் கட்டிய ரப்பர் பட்டைகள்: மேல் வரிசையில் வெங்காயத் தோல், கீழ் வரிசையில் ரசாயனம். பட்டையை மாற்றிவிட்டதாக நாளைக்குப் பேச்சு வரக் கூடாதென்று மாடிக் கதவைப் பூட்டி, சாவியை ஆண்டனிராஜே வைத்துக்கொண்டார்.

3

நாற்பதாம் நாள் கதவைத் திறந்தார்கள்; கதைக்காக நானும் போயிருந்தேன். மேல் வரிசையில் ஒரு கீறல் இல்லை. கீழ் வரிசையில் முடியளவு விரிசல்கள். ரீனா பட்டைகளைத் தடவிக்கொண்டே நின்றார். ஆண்டனிராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். "பஜ்ஜி ஜெயிச்சிருச்சு தாயி."

இரண்டாம் வரைவு இங்கே முடிந்தது.

அவர்கள் குனிந்திருந்த நேரத்தில், சட்டத்தின் அடியில் கிடந்த என் துண்டை எடுத்துப் பையில் திணித்தேன். (பட்டைகளைக் கட்டிய அன்று, கதவைப் பூட்டுமுன் மாடியைப் பார்க்கப் போனவன், முகம் கழுவித் துடைத்த ஈரத் துண்டைச் சட்டத்தில் காயப்போட்டு மறந்துவிட்டேன். எத்தனை நாள் நிழல் கொடுத்துவிட்டுக் காற்றில் விழுந்ததோ.)

4

துண்டு மேல் வரிசையை மூடியிருந்தால், ரீனாவின் வெற்றி வெறும் நிழல். கீழ் வரிசையை மூடியிருந்தால், ரசாயனம் நிழலிலும் தோற்றிருக்கிறது. அவர் வெற்றி இரட்டிப்பு.

இதுவரை எழுதியதை நேற்று ரீனாவுக்கே அனுப்பினேன். அவர் கோபப்படுவதாக ஒரு பத்தி தயாராக இருந்தது. அது உதவவில்லை; ஃபோனில் அவர் கேட்டது வேறு.

"சார், துண்ட எந்த வரிசைல போட்டீங்க?"

"ஞாபகம் இல்லம்மா."

"செத்த யோசிங்க சார். இன்னொரு நாப்பது நாள் கேட்டா அண்ணன் கதவையே தெறக்க மாட்டாரு. நாளைக்கு லோடு கலக்குறோம். காலைல கூப்பிடுறேன்."

இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் ஈரத்துணியின் கனம் கையில் தெரிகிறது. இரண்டையும் நானே நம்புகிறேன்.

நீங்கள் எந்த வரிசையை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். நான் எடுக்க முடியாது. விடிந்துவிட்டது, ஃபோன் அடிக்கிறது.