ஆறாவது ‘டிங்’

அந்தத் திங்கட்கிழமை மதியம் இரண்டு நாற்பதுக்குக் கான்ஃபரன்ஸ் லைனில் ஐந்து பேர் இருந்தார்கள். ‘டிங்’ சத்தம் மட்டும் ஆறு தடவை கேட்டது.

அக்கா எண்ணிக்கொண்டுதான் இருந்தாள். ஒன்று, அவளுடையது. இரண்டு, ஹாரன். சந்து பொந்தில் பூனை குறுக்கே வந்தாலும் ஹாரனை அழுத்துபவனுக்கு வேறென்ன பேர் வைப்பது? மூன்று, நிதானம். வேகம் நாற்பதைத் தாண்டாத ஆசாமி. நான்கு, டாக்டர். மருந்தாளுநர் படிப்பைப் பாதியில் விட்டவன். ஐந்து, போன மாதம் கல்யாணமான மாப்பிள்ளை. ஐந்து பேரின் ஹெல்மெட்டுக்குள்ளும் ஒரே மாதிரி ப்ளூடூத் செட். கடையில் இருந்ததிலேயே விலை குறைந்தது.

அதற்கப்புறம் இன்னொரு ‘டிங்’.

“யாருடா அது? ரெண்டு தடவை உள்ள வர்றது?” என்றாள் அக்கா.

“நான் இல்லக்கா. ஒரு தடவை வந்ததுக்கே என் பொண்டாட்டி லைன் கட்டாகிப் போச்சு” என்றான் மாப்பிள்ளை.

“புதுசுல அப்படித்தான் இருக்கும். அடுத்த வருஷம் நீயே கட் பண்ணுவ” என்றான் ஹாரன். கூடவே ‘பாம் பாம்’ என்று அவன் வண்டி ஒத்து ஊதியது.

“மலிவு செட்டுக்கா. அதுவே டிங்குங்கும், அதுவே டொங்குங்கும். கண்டுக்காதீங்க” என்றார் நிதானம்.

அக்கா போன் திரையைப் பார்த்தாள். ஐந்து பெயர்கள்தான் இருந்தன. மறுபடியும் எண்ணினாள்.

ஏனென்றால் இருபத்து மூன்று நாளைக்கு முன்பு வரை அந்த ஆறாவது ‘டிங்’குக்கு ஒரு ஆள் இருந்தான். அவள் கூடப் பிறந்த தம்பி.

அவர்கள் வேலை ரத்த சாம்பிள் சுமப்பது. ஊரெங்கும் இருக்கும் சேகரிப்பு மையங்களிலிருந்து குழாய்களை வாங்கி, ஐஸ் வைத்த பெட்டியில் அடுக்கி, மூன்று மணி சுமாருக்கு லேபில் சேர்க்க வேண்டும். லேப் வாசலில் ஒரு ஜன்னல். அதற்குப் பின்னால் ஓர் அம்மாள். எல்லோருக்கும் அவள் ஜன்னலம்மா. பெட்டியைத் திறந்ததும் முதலில் ஐஸை விரலால் அழுத்திப் பார்ப்பாள். கல் மாதிரி இருந்தால் நோட்டில் நேரம் எழுதி ‘ஏற்கப்பட்டது’ என்று ஒரு முத்திரை குத்துவாள். கொஞ்சம் இளகியிருந்தாலும் போச்சு. “திருப்பி எடுத்துட்டுப் போப்பா, நான் பாயாசமா வைக்கப் போறேன்?” என்பாள்.

நாள் முழுக்கத் தனியாக ஓட்டுகிறவர்களுக்கு அந்தக் கடைசி ஓட்டத்தில் ஆறு பேரும் ஒரே லைனில் பேசிக்கொண்டு வருவதுதான் சந்தோஷம். அதற்கு ஒரு சட்டம் போட்டவளே அக்காதான். லேபில் வண்டியை நிறுத்தியதும் ஒவ்வொருவரும் “இறங்கிட்டேன்” என்று சொல்ல வேண்டும். கடைசி ஆள் சொல்கிற வரைக்கும் அக்கா ஹெல்மெட்டைக் கழற்ற மாட்டாள். இரண்டு வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் அந்தச் சட்டம் மீறப்பட்டது.

மீறியவளும் அக்காதான்.

அன்று தம்பி வர நேரமாகிவிட்டது. மற்ற நால்வரும் இறங்கியாயிற்று. அவன் ரயில்வே கேட்டில் நின்றான். கேட் மணி ‘கிணிகிணி’ என்று அவள் காதில் விழுந்தது. பிறகு ஆஸ்பத்திரி முன்னால் இருக்கும் மூன்று வேகத்தடைகள். டக்-டக், டக்-டக், டக்-டக். “அக்கா, செட்டுக்காரி புலம்ப ஆரம்பிச்சுட்டா” என்று சிரித்தான். சார்ஜ் குறைந்தால் செட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் மூக்கால் அழும். அவளுக்குத்தான் அந்தப் பேர். அப்புறம் இரும்புப் பாலம். அதன் மேல் சக்கரம் ஏறினாலே ‘ம்ம்ம்ம்’ என்று ஒரு ரீங்காரம் கிளம்பும். ரீங்காரத்தின் நடுவில் லைன் அறுந்தது.

“சார்ஜ் போயிருக்கும்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அக்கா இறங்கினாள். பெட்டியைக் கொடுத்தாள். முகம் கழுவினாள். டீ குடித்தாள்.

பாலத்தின் கைப்பிடி உடைந்திருப்பதை ஒரு லாரிக்காரர் பார்த்துச் சொல்ல ஒரு மணி நேரமாயிற்று. கீழே கோரைப்புல்லுக்குள் அவன் கிடந்தான். அந்த ஒரு மணி நேரத்தில் பாதிக்கு மேல் உயிரோடுதான் இருந்திருப்பான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவனுடைய ஆறாம் நம்பர் பெட்டி ஆற்றோடு போனது. கிடைக்கவே இல்லை.

இது எல்லோருக்கும் தெரிந்த கதை. யாருக்கும் தெரியாத ஒன்றும் இருந்தது. அதைத்தான் அக்கா நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருந்தாள்.

* * *

திங்கட்கிழமை அந்த ஆறாவது ‘டிங்’ கேட்ட பிறகு, நால்வரும் இறங்கிப் போன பின்னும் அவள் லேபின் வண்டி ஷெட்டிலேயே வண்டி மேல் உட்கார்ந்திருந்தாள். இன்ஜினை அணைத்தாயிற்று. மற்றவர்களின் காற்றிரைச்சலும் அடங்கிவிட்டது. லைனைத் துண்டிக்கக் கை போனபோது, காதுக்குள் மெல்ல ஒரு சத்தம்.

கிணிகிணி. கிணிகிணி.

ரயில்வே கேட்.

லேபுக்கும் கேட்டுக்கும் நடுவே முழுதாக ஆறு கிலோமீட்டர். மணி கொஞ்ச நேரம் அடித்தது. ஒரு வண்டி கிளம்பும் உறுமல் கேட்டது. அத்தோடு அடங்கிவிட்டது.

செவ்வாய்க்கிழமை கேட் மணிக்குப் பிறகும் சத்தம் நிற்கவில்லை. டக்-டக், டக்-டக், டக்-டக். ஒவ்வொரு தடைக்கும் நடுவில் அதே மூச்சு இடைவெளி. மூன்றாவதில் மட்டும் பெட்டி ஒரு துள்ளு துள்ளும். தம்பி அதில் வேகத்தைக் குறைக்கவே மாட்டான்.

புதன்கிழமை இரும்புப் பாலம். ‘ம்ம்ம்ம்’ என்ற ரீங்காரம் அவள் மண்டைக்குள் ஏறியது. பாதியில், கத்தரிக்கோலால் வெட்டியது போல், நின்றது.

வியாழக்கிழமையும் பாலம். அதே பாதி. அதே வெட்டு.

 நாளுக்கு நாள் நெருங்கி வந்தவன் அந்த இடத்தைத் தாண்ட முடியாமல் நிற்கிறான். ஏன் முடியவில்லை என்பது இந்த உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

“என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?” ஹாரன் தோளைத் தொட்டான். அவள் துள்ளி விழுந்தாள்.

“இந்த லைன்ல யாரோ இருக்காங்கடா.”

அவன் முகம் மாறியது. கேலி செய்வான் என்று நினைத்தாள். செய்யவில்லை. “எனக்கும் கேக்குதுக்கா, அந்த டிங்கு” என்றான் தணிந்த குரலில். “எல்லாருக்கும் கேக்குது. ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்த்துட்டுப் பேசாம இருக்கோம்.”

* * *

சாயங்காலம் தம்பி மனைவியின் வீட்டுக்குப் போனாள். இரண்டு அறை, ஒரு பீரோ. பீரோ மேல் ஒரு சாக்கு மூட்டை. போலீஸ் திருப்பிக் கொடுத்த சாமான். முடிச்சுகூட அவிழ்க்கப்படவில்லை.

“வாங்க அண்ணி. என்ன திடீர்னு?”

“அவன் போனை யாராவது எடுத்துப் பேசறாங்களாம்மா?”

“போனா? அது ரெண்டா உடைஞ்சு அந்த மூட்டைலதான் கிடக்கு.” அவள் மூட்டையைப் பார்க்காமலே பேசினாள். “எனக்கு ஒண்ணுதான் அண்ணி புரியவே மாட்டேங்குது. சார்ஜ் போயிடுச்சு, அதான் லைன் கட்டாச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. அவர் செட்டுக்குத் தினமும் நான்தான் சார்ஜ் போடுவேன். அந்த வயரு லூசு. ரப்பர் பேண்டு போட்டு வளைச்சுக் கட்டினாத்தான் ஏறும். அன்னிக்கும் கட்டினேன். முழுசா ஏறி நீல லைட்டு எரிஞ்சதைப் பார்த்துட்டுத்தான் ஹெல்மெட்டுல மாட்டினேன். அது எப்படி அண்ணி நடுவழில தீர்ந்து போகும்?”

 அக்கா எழுந்து மூட்டையை இறக்கினாள். ஹெல்மெட்டின் கண்ணாடி போயிருந்தது. பக்கவாட்டில் புல் காய்ந்து ஒட்டியிருந்தது. செட்டைக் கிளிப்பிலிருந்து உருவி, திருப்பிக் காட்டினாள்.

ஆறு செட்டும் ஒரே அச்சு. போனில் தேடினாலும் ஆறுக்கும் ஒரே பேர்தான் வரும். யார் போன் யார் செட்டோடு ஒட்டிக்கொள்ளும் என்று கடவுளுக்கே தெரியாது. அதனால் வாங்கிய அன்றே ஒவ்வொன்றின் முதுகிலும் நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்தாயிற்று. பொட்டு வைத்தவள் இதோ எதிரே நிற்கிற தம்பி மனைவிதான். தம்பிக்குப் பச்சை. அக்காவுக்குச் சிவப்பு.

இந்தச் செட்டின் முதுகில் சிவப்புப் பொட்டு இருந்தது.

“முந்தின ராத்திரி சார்ஜ் போட மறந்துட்டேன்” என்றாள் அக்கா. குரல் அவளுடையது மாதிரியே இல்லை. “காலைல லேபுல வச்சு அழுதா என் செட்டுக்காரி. ‘ஏன்க்கா மூஞ்சிய தூக்கி வச்சிருக்க, இந்தா என்னோடத மாட்டிக்க’ன்னு தன்னோடதைக் கொடுத்துட்டு என்னோடத எடுத்துக்கிட்டான். லைன் கட்டானதும் சார்ஜ் போயிருக்கும்னு இறங்கினேன் பாரு, அது எனக்கு நிச்சயமாத் தெரியும்மா. ஏன்னா அது என்னோடது. வேற யார் செட்டா இருந்தாலும் என்ன ஏதுன்னு ஓடியிருப்பேன்.”

தன் ஹெல்மெட்டிலிருந்ததையும் உருவி மேஜை மேல் வைத்தாள். பச்சைப் பொட்டு.

தம்பி மனைவி இரண்டையும் எடுத்துப் பார்த்தாள். கத்துவாள், கையை ஓங்குவாள், வெளியே போ என்பாள் என்று அக்கா எல்லாவற்றுக்கும் தயாராக நின்றாள்.

“இதை எதுக்கு இன்னிக்குச் சொல்றீங்க?”

“அவன் பாலத்துலயே நிக்கிறாம்மா. தினமும் அதே இடத்துல கட்டாகுது. நான் கேக்குறேன்.”

பைத்தியம் என்று சொல்லவில்லை அவள். அழவுமில்லை. அலமாரியிலிருந்து வயரை எடுத்தாள். சிவப்புப் பொட்டு வைத்த செட்டில் செருகி, ரப்பர் பேண்டை இரண்டு சுற்றுச் சுற்றி, வயரை ஒரு பக்கமாக வளைத்துக் கட்டினாள். விரல்கள் பழகிய வேலையைத் தானாகச் செய்தன. புல் ஒட்டிய, தண்ணீரில் கிடந்த, செத்துப்போன செட்டு.

சார்ஜ் ஏறுவதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது.

“நாளைக்கு எத்தனை மணிக்கு அண்ணி?” என்றாள், அக்காவின் முகத்தைப் பார்க்காமல்.

“ரெண்டு நாப்பது.”

“அதுக்குள்ள ஏறிடும். நீங்க போங்க.” பச்சைப் பொட்டுச் செட்டை அக்காவிடம் திருப்பிக் கொடுத்து, வாசல் வரை வந்தவள் சேர்த்துச் சொன்னாள்: “நாளைக்காவது இருங்க.”

* * *

வெள்ளிக்கிழமை. ஐந்து ‘டிங்’. ஆறாவதும் வந்தது. யாரும் ஜோக் அடிக்கவில்லை. ஹாரன்கூட ஹாரனை அழுத்தவில்லை.

“இறங்கிட்டேன்” என்றான் டாக்டர். “இறங்கிட்டேன்.” மாப்பிள்ளை. “இறங்கிட்டேன்க்கா.” ஹாரன். நிதானம் வழக்கம் போலக் கடைசி.

அக்கா ஷெட்டில் வண்டி மேல் உட்கார்ந்திருந்தாள். வெயில் முற்றத்துச் சரளைக் கல்லில் வெள்ளையாகக் காய்ந்தது. போன் மடியில் அதிர்ந்தது. தம்பி மனைவியிடமிருந்து ஒரே ஒரு வரி: ‘நீல லைட்டு எரியுது.’

கிணிகிணி. கேட் திறந்தது. வண்டி உறுமியது.

டக்-டக். டக்-டக். டக்-டக். பெட்டி துள்ளியது.

பிறகு ரீங்காரம். அக்கா கண்களை இறுக மூடிக்கொண்டாள். ம்ம்ம்ம். வெட்டும். இதோ இந்த இடத்தில் வெட்டும்.

வெட்டவில்லை.

ரீங்காரம் நீண்டுகொண்டே போனது. சட்டென்று தணிந்து தார் ரோட்டின் ‘சர்’ரென்ற ஓசையாக மாறியது. பாலம் கடந்துவிட்டது.  லேப் திருப்பத்தில் அவன் வழக்கமாக அடிக்கும் இரண்டு குட்டி ஹாரன். பிறகு சரளைக் கல்லில் சக்கரம் நெரியும் சத்தம்.

அக்கா கண்ணைத் திறந்தாள். முற்றத்தில் ஒரு ஈ காக்காய் இல்லை. காதுக்குள் மட்டும் சரளை நெரிந்து, நெருங்கி, அவள் வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றது. ஸ்டாண்டு ‘டக்’கென்று விழுந்தது. சூடான இன்ஜின் ஆறும் ‘டிக் டிக்’. ஓடிக் களைத்த ஒருவனின் மூச்சு.

“நான் இருக்கேண்டா” என்றாள்.  “நீ சொல்ற வரைக்கும் இறங்க மாட்டேன்.”

மூச்சு ஒரு கணம் நின்றது.

“இறங்கிட்டேன்க்கா.”

ஒரு ‘டிங்’. லைன் ஓய்ந்தது.

அவள் கை ஹெல்மெட்டுக்குப் போகவே நேரம் பிடித்தது. “இறங்கிட்டேன்” என்று யாருமில்லாத லைனில் சொல்லிவிட்டுத்தான் கழற்றினாள். தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள்.

நால்வரும் அங்கேயே நின்றிருந்தார்கள்.  ஜன்னலம்மா மட்டும் சிடுசிடுத்துக்கொண்டிருந்தாள்.

“வச்சதுதான் வச்சீங்க, ஒரு குரல் கொடுக்கக் கூடாதா? நோட்டை எடுக்கத் திரும்பி நிமிர்றதுக்குள்ள வச்சுட்டு ஓடினா யாருதுன்னு எழுதறது?”

ஜன்னல் பலகை மேல் ஒரு பெட்டி. மூடியில் பெயின்டால் எழுதிய எண் ஆறு. ஓரத்தில் ஈரக் கோரைப்புல் ஒன்று சுற்றியிருந்தது.

ஜன்னலம்மா மூடியைத் திறந்தாள். குழாய்கள் வரிசை குலையாமல் நின்றன. ஒவ்வொன்றிலும் ஒட்டியிருந்த தேதி இருபத்தேழு நாளைக்கு முந்தையது. அதை அவள் இன்னும் படிக்கவில்லை. பழக்கதோஷத்தில் விரலைத்தான் முதலில் வைத்தாள். அழுத்தினாள். இன்னொரு தடவை அழுத்தினாள்.

“கல்லு மாதிரி இருக்கு” என்றபடி முத்திரையை எடுத்தாள். “சரி, வந்த நேரம் என்ன?”

அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று பத்து.

“இப்பதாம்மா வந்தான்” என்றாள். “இந்த நேரத்தையே எழுதுங்க.”