சவ்வுக் கதவு

திங்கட்கிழமையிலிருந்து ஆய்வுக்கூடத்தில் கதவுகள் கிடையாது. அவற்றைக் கழற்றிவிட்டு வாசலுக்கு வாசல் பாலிமர் சவ்வு பொருத்தியிருந்தார்கள். மின்முனையில் ஒட்டும் சவ்வு பொட்டாசியத்துக்கு வழி விட்டுச் சோடியத்தை நிறுத்துவதுபோல, இது ஊழியர்களுக்கு வழி விட்டு மற்றவர்களை நிறுத்தும். ஊழியர்கள் நெற்றியை வைத்து அழுத்துவார்கள். லேசான பிசுபிசுப்போடு அந்தப் பக்கம் போய், முகத்தைத் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்ப்பார்கள்.

தலைவாசல் சவ்வை வார்த்தவன் திரவியம். பிவிசி தூளையும் எண்ணெயையும் கரைப்பானில் கரைத்து, பெரிய கண்ணாடி வளையத்தில் ஊற்றி, வடிதாளால் மூடிவிட வேண்டும். கரைப்பான் இரண்டு நாள் மெதுவாக ஆவியாகும். அதுவரை தாளைத் தூக்கக் கூடாது. தூக்கினால் மேல்பக்கம் அவசரமாகக் காய்ந்து கொப்புளம் விடும்.

திரவியம் தூக்கினான். நாலு தடவை. சும்மா பார்க்கத்தான்.

செவ்வாய்க்கிழமை அந்தக் கொப்புளங்கள் வழியாக ஓர் ஆடும், இரண்டு காப்பீட்டு முகவர்களும், ஒரு கல்யாண ஊர்வலமும் உள்ளே வந்துவிட்டன. ஊர்வலத்தார் தராசு அறையில் பந்தி போட்டார்கள்.

துணை இயக்குநர் வைகுண்டம் விசாரித்தார். அவர் போன மாதமே மீட்டராக மாறிவிட்டவர். எதிரே நிற்பவரின் மில்லிவோல்ட் அவர் நெற்றியில் பச்சை எண்களாக ஓடும். மனசில் மறைப்பு இல்லாதவர் முன்னால்தான் எண் நிலைத்து நிற்கும்.

"தாளைத் தூக்குனது யாரு?"

"சௌந்தரிக்காதான் சார் அந்த மேசையைத் துடைப்பாங்க," என்றான் திரவியம்.

அது பொய்யில்லை. கண்ணாடிச் சாமான் கழுவும் ஞானசௌந்தரி தினமும் அந்த மேசையைத் துடைக்கிறவள்தான். வைகுண்டத்தின் நெற்றியில் எண்கள் தாறுமாறாக ஓடின. தன் நெற்றியை அவரால் பார்க்க முடியாது.

சௌந்தரியை ஊறப்போட உத்தரவாயிற்று. புது மின்முனையை உப்புக் கரைசலில் ஊறவைத்தால்தான் அது சரியான அளவு காட்டும். ஆட்களுக்கும் அதே விதி. தூக்கினது நான்தான் என்று சொல்லும்வரை அவள் உப்புக் கரைசல் தொட்டியில் கிடக்க வேண்டும்.

சாயங்காலம் எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள். ஆடும் போயிற்று. திரவியத்தைச் சவ்வு விடவில்லை. நெற்றியை வைத்தான், தோளைக் கொடுத்தான். அது மரியாதையாக அவனைத் திருப்பி அனுப்பியது.

மூன்று நாள் அவன் நடைகூடத்திலேயே நடந்தான். எந்தப் பக்கம் நடந்தாலும் அது தொட்டியடியில் போய் முடிந்தது.

"சார், என்ன முகம் வாடிக் கெடக்கு? சாப்பிட்டியளா?" என்றாள் சௌந்தரி. கழுத்துவரை கரைசல். விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன.

"இல்லக்கா."

"அலமாரியில என் டப்பா இருக்கு. புளிச்சோறு. கெட்டிருக்காது. எடுத்துத் தின்னுங்க."

"நீங்க?"

"உப்புத் தண்ணிக்குள்ள பசியே தெரியல சார். செபம் பண்ணத்தான் நேரம் கெடைச்சிருக்கு. உங்களுக்கும் சேத்துத்தான் பண்ணுதேன். நீங்க வீட்டுக்குப் போக முடியாமக் கெடக்கியளே."

அவன் டப்பாவை எடுத்து, அவள் கண்முன்னால், கடைசிப் பருக்கைவரை தின்றான். ருசியாக இருந்தது. டப்பாவைக் கழுவி வைத்தான்.

வைகுண்டத்தைக் கூட்டிவந்தான்.

"நான்தான் சார் தூக்கினேன்."

"எத்தனை தடவை?"

"நாலு."

"என்ன தெரிஞ்சுது?"

"ஒண்ணும் தெரியல சார்."

அவர் நெற்றியில் எண்கள் ஓட்டத்தை நிறுத்தின.

"தூக்கினது நீர்தானே, நீரே தொட்டியில எறங்கும். அந்த அம்மா ஏறட்டும்."

சௌந்தரி ஏறினாள். திரவியம் சட்டையோடு இறங்கினான். ஜில்லென்று எலும்பில் ஏறியது. அவள் நாலு வார்த்தை ஏசிவிட்டுப் போனால் தேவலை என்றிருந்தது. அவள் சேலையைப் பிழிந்துகொண்டு போய், ஒரு கெண்டி வெந்நீரோடு திரும்பி வந்தாள்.

"ஏம்மா, வெந்நீர் ஊத்தாத. ரீடிங் மாறிரும்," என்றார் வைகுண்டம்.

"மாறட்டும் சார். மொத நா ரொம்பக் குளிரும்."

அவன் காலடிப் பக்கமாக, மேலே தெறிக்காமல் ஊற்றினாள். திரவியம் தலைநிமிரவில்லை.

"சூடு போதுமா சார்?"

போதும் என்று தலையாட்டினான். அவள் நம்பவில்லை. அடுத்த கெண்டிக்குப் போனாள்.