ஃபைட்டுக்கு வைக்காத பத்திரிகை

ஆங்கிலத்தில் ஐ, ஜி, எச், டி என்ற நான்கு எழுத்துகள் அதே வரிசையில் வரும் சொற்கள் எங்கள் ஊரில் ஒரே வகையறா. லைட், ரைட், நைட், வெயிட், ஃபைட் என்று மேலத்தெருவில் அடுத்தடுத்த வீடுகளில் இருக்கிறார்கள். தபால் ஆபீஸ் பக்கம் ஒயிட் என்று ஒருவர் இருக்கிறார். ஓசை ஒத்திருப்பதால் தானும் பங்காளி என்று சொல்லிக்கொண்டு முதல் பந்தியில் உட்கார்ந்துவிடுவார். எழுத்து வேறு என்று தெரிந்தும், இலை முன்னால் உட்கார்ந்தவரை யாரும் எழுப்புவதில்லை.

விசேஷ வீட்டுக்காரர்கள் அந்த வகையறாவில் எல்லோருக்கும் வெற்றிலை பாக்கோடு பத்திரிகை வைக்க வேண்டும். ஒருவரை விட்டாலும் மற்றவர்கள் வர மாட்டார்கள். அவர்கள் வராத இடத்தில் அவர்களுடைய காரியமும் நடக்காது. இது தெரிந்துதான், என் தங்கை தமயந்தியின் கல்யாணத்துக்கு அழைக்க மேலத்தெருவுக்குக் கிளம்பினேன். அம்மா வாசலில் மறித்தாள்.

“ஃபைட்டுக்கு மட்டும் வைக்காதடா. உங்க பெரியப்பா வீட்டு வளைகாப்புல பாயச வாளியத் தூக்கி எறிஞ்ச ஆளு. ஊர்ல இல்லன்னு நெனச்சோம்னு சொல்லிச் சமாளிச்சுக்கலாம்.”

சமாளிக்க முடியவில்லை. கல்யாணத்துக்கு முதல் நாள் நைட் வரவில்லை. விடிய விடிய வெயில் அடித்ததால் வாழைமரம் கட்டியவர்களுக்கு வசதியாகத்தான் இருந்தது. காலையில் மண்டபத்துக்குள் லைட் எரியவில்லை. குத்துவிளக்கு எரிந்தது, அது வேறு வகையறா. சமையல்கட்டில் சாம்பார் அண்டா வெயிட் இல்லாமல் தரையை விட்டு எழும்பி உத்தரத்துக்குக் கீழே நின்றது. மாஸ்டர் ஏணி போட்டு ஏறி உப்புப் பார்த்தார். அதுவரைக்கும் பரவாயில்லை. பிறகு கம்பம் ஊரிலிருந்து மாப்பிள்ளை சோலைராஜ் போன் செய்தார்.

“மச்சான், எல்லாரும் பஸ்ல ஏறி உக்காந்தாச்சு. கண்டக்டர் வாயத் தொறக்குறாரு, ரைட் வர மாட்டேங்குது. டிரைவர் ‘போலாம்’னு சொல்லிப் பாத்தாரு, எங்கம்மா ‘கெளம்பு’ன்னு சொல்லிப் பாத்தாங்க. பஸ்சு அசையல. நீங்க யாருக்காச்சும் பத்திரிகை வைக்காம விட்டுட்டீங்களா?”

இந்த முகூர்த்தம் தவறினால் ஆடி கழிந்துதான் அடுத்தது. அதற்குள் மாப்பிள்ளையின் சித்தப்பா, சகுனம் சரியில்லை என்று பஸ் ஜன்னல் வழியாக இறங்கப் பார்க்கிறாராம். பாதிப் பின்னலோடு நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்த தமயந்திக்குக் கண் கலங்கிவிட்டது.

“நீ போய் ஃபைட்டண்ணனக் கூட்டிட்டு வா. நான் கூப்பிட்டேன்னு சொல்லு. வாளி போனாப் போகட்டும். எனக்கு இன்னிக்குக் கல்யாணம் நடக்கணும்.”

அம்மா தாம்பாளத்தில் வெற்றிலையை அடுக்கிக் கொடுத்தாள்.

ஃபைட் குளித்து, சலவை வேட்டி கட்டி, விபூதி பூசி, செருப்பையும் மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எப்போதிலிருந்து அப்படி உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. தாம்பாளத்தை நீட்டினேன். அவர் அதைத் தொடவில்லை.

“எந்த வீட்டு விசேஷத்துக்கும் எனக்குத்தான் கடைசியில வைக்கிறாங்க. இல்லாட்டி வைக்கிறதே இல்ல. எனக்கும் அதே நாலு எழுத்துதான தம்பி?”

“தமயந்திதான் ஃபைட்டண்ணனக் கூட்டிட்டு வரச் சொல்லுச்சு.”

“அண்ணன்னா சொல்லுச்சு?”

“அண்ணன்னுதான் சொல்லுச்சு.”

அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அப்ப நான் பொண்ணு வீட்டு ஆளு” என்று எழுந்து எனக்கு முன்னால் நடந்தார்.

அவர் மண்டப வாசலை மிதித்ததும் லைட் எரிந்தது. அண்டா மெல்ல இறங்கி அடுப்பில் உட்கார்ந்தது. மாஸ்டர் ஏணியைச் சுவரில் சாத்தினார். கம்பத்தில் கண்டக்டர் ரைட் சொல்லிவிட்டாராம். பஸ் அடித்துப் பிடித்து முகூர்த்த நேரத்துக்குள் வந்து நின்றது. தாலி ஏறியபோது எனக்கு அழுகை வந்தது. அழுதேன்.

பந்தியில் தமயந்தி ஃபைட்டைத் தன் பக்கத்து இலையில் உட்காரவைத்தாள். எதிர் வரிசையில் மாப்பிள்ளையின் சித்தப்பா, வடை சின்னதாக இருக்கிறது என்று ஆரம்பித்தார். ஃபைட் அப்போது ஜாங்கிரி சாப்பிட்டுக்கொண்டிருந்ததால் சண்டை நடக்கவில்லை. சித்தப்பா வடையைத் தின்றுவிட்டு இன்னொன்று கேட்டு வாங்கினார்.

பெண்ணோடு துணைக்குப் போக எங்கள் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டியிருந்தது. ஃபைட் பையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். போனவர் திரும்பவில்லை.

“எங்க மாமியா ஒரு வார்த்த சொல்றதில்லண்ணே” என்றாள் தமயந்தி போனில். “ஃபைட்டண்ணன் வாசல்ல நாற்காலி போட்டு சும்மா பேப்பர்தான் படிக்கிறாரு.”

அம்மா இப்போது அவருக்கும் சேர்த்து முறுக்குச் சுட்டு அனுப்புகிறாள்.

மேலத்தெருவில் அவர் விட்டுப்போன வீட்டுக்கு ஒரு கால்புள்ளி குடிவந்திருக்கிறது. தனி ஆள், சத்தம் கிடையாது. அந்த வாசலைத் தாண்டுகிறவர்கள் எல்லோரும் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் போகிறார்கள். அம்மாவும் கடைக்குப் போகும்போது அங்கே நிற்கிறாள், கம்பம் ரோட்டைப் பார்க்கிறாள், பிறகு போகிறாள்.