எவ்வளவு குடிக்கும் என்று போடவில்லை

காதுக் கருவியைக் கழற்றி வைத்துவிட்டுப் படுத்தால், பக்கத்தில் இடி விழுந்தாலும் அவளுக்குத் தெரியாது. குழந்தை பிறக்கும் வரை அது வீட்டில் ஒரு வேடிக்கை. "குறட்டை விடுறவருக்குன்னே பெத்து வளர்த்திருக்கேன்" என்று அவளுடைய அம்மா மருமகனைக் கேலி செய்வார். இப்போது யாரும் சிரிப்பதில்லை.

இதுவரை அந்த அம்மாதான் கூட இருந்தார். ராத்திரி குழந்தை அழுதால் மகளைத் தட்டி எழுப்புவார். சின்ன மகளுக்குப் பிரசவம் நெருங்கிவிட்டதால் அங்கே போய்விட்டார். அவள் கணவனுக்கோ, மருத்துவமனைச் சலவைக் கூடத்தில் திங்கட்கிழமை முதல் இரவு வேலை. மாற்றித் தரும்படி மேற்பார்வையாளரிடம் கேட்டான். "எல்லார் வீட்லயும் ஒரு கதை இருக்குப்பா. யாரை நான் விடுறது?" என்றார். கெட்ட மனிதர் இல்லை. அவர் கையும் கட்டப்பட்டுத்தான் இருந்தது.

அவள் கருவியைக் கழற்றாமலே படுத்துப் பார்த்தாள்; காது புண்ணானதுதான் மிச்சம். குழந்தையின் வயிற்றில் கை வைத்துப் படுத்துப் பார்த்தாள். அசந்ததும் கை நழுவிவிட்டது.

அதனால்தான் அவன் ஒரு மின்னணுப் போர்டை வாங்கினான். தீப்பெட்டி அளவு பச்சைப் பலகை. சத்தம் கேட்கும் சில்லு ஒன்றை அதில் இணைத்து, தலையணைக்கு அடியில் ஒரு சின்ன மோட்டாரை வைத்தால், குழந்தை அழும்போது மோட்டார் அதிரும். வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, விரலைச் சுட்டுக்கொண்டு, ஒருவழியாகச் செய்து முடித்தான். சுவரில் செருகியபோது அருமையாக வேலை செய்தது. குழந்தை ஒரு முறை சிணுங்கியதும் அவள் துள்ளி எழுந்தாள். எழுந்ததும் அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

ஆனால் அந்தத் தெருவில் மின்சாரம் சொல்லிக்கொள்ளாமல் போகும். அதற்காகப் பவர் பேங்கில் செருகினான். போர்டில் பச்சை விளக்கு எரிந்தது. அவன் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் அணைந்திருந்தது. மறுபடி பொத்தானை அழுத்தினான். மறுபடி அணைந்தது. ஒயரை மாற்றினான். அண்ணனிடம் வேறொரு பவர் பேங்கை இரவல் வாங்கி வந்தான். அதுவும் அப்படியே.

போர்டோடு வந்த தாளை எடுத்துப் பார்த்தான். ஒரே பக்கம். ஒரு படம், சில அம்புக்குறிகள், கீழே "மின்சாரம்: 5 வோல்ட்". அவ்வளவுதான். விற்றவர்களின் இணையப் பக்கத்திலும் அதே தாள்தான் இருந்தது. அதன் கீழே எப்போதோ ஒருவர் கேட்டிருந்தார்: "பேட்டரியில் போட்டால் அணைந்துவிடுகிறது. ஏன்?" பதில் இல்லை. கிணற்றில் போட்ட கல்.

ஞாயிற்றுக்கிழமை போர்டைத் துணியில் சுற்றிக்கொண்டு கைபேசி பழுது பார்க்கும் கடைக்குப் போனான். கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எவ்வளவு குடிக்கும் தம்பி?"

"அஞ்சு வோல்ட்டுன்னு போட்டிருக்குண்ணே."

"அது குழாயோட வேகம். எவ்வளவு தண்ணி குடிக்கும்னு, அதான் எவ்வளவு கரண்ட் இழுக்கும்னு கேக்குறேன்."

"அது போடலையே."

"போடலையா? பொண்ணு வீட்டைச் சொல்லிட்டு பொண்ணு பேரைச் சொல்லாத தரகர் மாதிரி." தாளைத் தூக்கி விளக்கு வெளிச்சத்தில் பிடித்தார், பின்பக்கம் ஏதாவது இருக்குமோ என்று. "எனக்கு என்ன தோணுதுன்னா, இது ரொம்பக் கொஞ்சமா குடிக்குது. பவர் பேங்க், யாரும் குடிக்கலைன்னு நினைச்சுக் கடையைச் சாத்திடுது. கூடவே உன் போனையும் செருகிப் பாரு."

செருகினார்கள். விளக்கு அணையவில்லை. அவனுக்கு உயிர் வந்தது. கடைப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தான். போனில் சார்ஜ் நிரம்பியது; சற்று நேரத்தில் பச்சை விளக்கும் போய்விட்டது.

"பாத்தியா, துணை போனதும் இதுவும் போயிடுச்சு" என்றார் கடைக்காரர்.

"வேற ஏதாவது பண்ண முடியாதாண்ணே?"

"கூட எதையாவது வச்சுக் குடிக்க வைக்கலாம். எவ்வளவு, எந்த முனையில, இந்தப் போர்டு தாங்குமா? தாள்ல இருந்தா பண்ணிடுவேன். குத்துமதிப்பா வச்சு எரிஞ்சுபோனா?" கொஞ்சம் யோசித்தார். "எரிஞ்சாக்கூடப் பரவாயில்லை. எரியாம, வேலை செய்யுற மாதிரி இருந்து, நடுராத்திரியில நின்னுச்சுன்னா? பச்சைக் குழந்தை விஷயம். என்னால முடியாது தம்பி."

காசு கேட்கவில்லை. போர்டை அவரே துணியில் சுற்றிக் கொடுத்தார்.

ஒரு பொருளைச் செய்கிறவன் அதைப் பற்றிச் சொல்லவும் கடமைப்பட்டவன். சொல்லாமல் விட்ட ஒரு வரி எந்த வீட்டின் எந்த அறையில் போய் இருட்டாகும் என்று அவனுக்குத் தெரியாது. தெரியாததனால்தான் சொல்லிவிட வேண்டும்.

வீட்டுக்கு வந்தபோது, அவள் அவன் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள்.

"நான் தூங்காம இருந்துக்குறேன்" என்றாள்.

"எத்தனை நாளைக்கு?"

"அம்மா வர்ற வரைக்கும்."

"அதுக்குள்ள நீ விழுந்துடுவ."

அவள் குழந்தையின் துணிகளை மடித்தாள். அவனுக்கு ஆண்டவனிடம் என்ன கேட்பது என்றுகூடத் தெரியவில்லை. விளக்கு எரிய வேண்டும் என்றா, வேலை போக வேண்டும் என்றா?

சாயங்காலம் கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா. குழந்தை அழுகையைப் பற்றிப் போன வாரம் குறை சொன்னவர். மறுபடி அதற்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து அவன் முந்திக்கொண்டான்.

"மன்னிச்சுக்குங்கம்மா, இனிமே..."

"மன்னிப்பை அப்புறம் கேளு, சாவியைக் கொடு" என்றார் அவர். "உங்க அண்ணன் மாடிப்படியில பாத்துச் சொன்னார். முட்டி வலியில எனக்குத் தூக்கமே கிடையாது. உன் பொண்ணு அழுறது இந்தத் தெருவுலயே எனக்குத்தான் முதல்ல கேக்குது. வந்து இவளைத் தட்டி எழுப்பிட்டுப் போறேன்."

"உங்களுக்குச் சிரமம்மா" என்றாள் அவள்.

"சிரமம்தான். குறை சொல்ல மட்டும் வாய் இருந்தா போதுமா? ஆனா வெள்ளிக்கிழமை நான் இருக்க மாட்டேன், மகன் வீட்டுக்குப் போகணும். அன்னைக்கு நீங்களே பாத்துக்குங்க."

அவள் எழுந்துபோய்ச் சாவியைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தாள். வைத்த கையை உடனே எடுக்கவில்லை.

திங்கட்கிழமை வேலைக்குப் போகும் பேருந்தில், அவன் அந்த இணையப் பக்கத்தை மறுபடி திறந்தான். யாராவது பதில் சொல்லியிருப்பார்கள் என்று ஒரு நப்பாசை. பதில் இல்லை. புதிதாக ஒரு கேள்விதான் இருந்தது: "அப்பா படுக்கையில் இருக்கிறார். இரவில் அவர் கூப்பிடுவது கேட்க இதை வைக்கலாமா? பவர் பேங்கில் ஓடுமா?"

அவன் மெதுவாகத் தட்டச்சு செய்தான். "சுவரில் செருகினால் ஓடுகிறது. பவர் பேங்கில் கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடுகிறது. கூடவே ஒரு போனைச் செருகினால், அது நிரம்பும் வரை ஓடுகிறது. காரணம் உறுதியாகத் தெரியவில்லை. தாளில் இல்லை. தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். அதுவரை இதை மட்டும் நம்பி அப்பாவைத் தனியாக விடாதீர்கள்."

ஒரு முறை படித்துப் பார்த்து அனுப்பினான்.

சலவைக் கூடத்து வாசலில் கைபேசிகளை வாங்கி வைத்துக்கொள்வார்கள். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் வழி தெரியவில்லை. கைபேசியைக் கொடுத்துவிட்டு உள்ளே போனான்.