தொரிபியோவின் பாதி வேலி

எல்லை வேலியில் பாதி நிக்காசியாவுடையது, மறுபாதி தொரிபியோவுடையது. போவாக்கோ மலைப்பக்கத்தில் இதற்கெல்லாம் பத்திரம் கிடையாது. நடுக்கல்லில் நின்று பக்கத்துக்காரர் நிலத்தைப் பார்த்தால் வலது கைப்பக்கம் இருப்பது நம் பாதி, அதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். முள்கம்பியையும் அவரவர் தம் பக்கத்திலிருந்தே அடிப்பார்கள். ஆணி எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தாலே வேலி போட்டவர் யார் என்று ரோட்டில் போகிறவனுக்கும் தெரிந்துவிடும்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் இவர்கள் கணவன் மனைவி. மாதா கோயில் பதிவுப் புத்தகத்தில் இன்னும் அப்படித்தான் இருக்கிறது. நிக்காசியா கொண்டுவந்த கறவை மாட்டை அவளைக் கேட்காமல் அவன் விற்றான். ஏனென்று கேட்டதற்கு, "இது என் வீடு, நான் வச்சதுதான் சட்டம்" என்றான். பாதி நிலத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு, இனி அந்த வாசலை மிதிப்பதில்லை என்று ஊரறியச் சொல்லிவிட்டு வந்தாள். மிதிக்கவும் இல்லை.

இந்த வருஷம் மே மாதமே தன் பாதியைப் புதிதாகப் போட்டுவிட்டாள். அவன் பாதி இருக்கிறதே, அதை வேலி என்று சொல்ல வாய் கூசும். கம்பங்கள் உளுத்துப் போய், கம்பி துருவேறித் தரையில் கிடந்தது. அந்தப் பக்கம் அவனுடைய பதினாறு மாடுகள். இந்தப் பக்கம் அவள் விதைத்த சிவப்பு பீன்ஸ், இப்போதுதான் முளைவிட்டிருந்தது. மாடு ஒரே ஒரு தடவை புகுந்தால் போதும், வருஷம் முழுக்க அவள் வாயில் மண்தான்.

வேலியைப் போடச் சொல்லிக் கடைக்காரி பெத்ரோனா மூலம் அவனுக்குச் சொல்லி அனுப்பினாள். பதில் வந்தது.

"நிலா சரியில்லையாம்க்கா. வளர்பிறையில வெட்டுன கம்பத்துல பூச்சி விழுமாம். தேய்பிறை வரட்டும்ங்கிறாரு."

தேய்பிறை வந்தது, போனது. மறுபடி கேட்டனுப்பினாள். மறுபடியும் நிலா.

"அந்த ஆளுக்கு மட்டும் வானத்துல தனி நிலா வச்சிருக்கா?" என்று நிக்காசியா கத்தியதில் கடை வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து போனது.

அப்புறம் ஒருநாள் அவனையே கடையில் பார்த்தாள். உப்பு வாங்கிக்கொண்டிருந்தான். வலது கை கால்சட்டைப் பையை விட்டு வெளியே வரவேயில்லை. காசு, பொட்டலம், தொப்பி, எல்லாமே இடது கையால்தான். வேறு யாரும் கவனிக்கவில்லை. பதினெட்டு வருஷம் அந்தக் கையில் சோள ரொட்டி சுட்டுப் போட்டவளுக்குத் தெரியாதா? வாதம் அடித்திருக்கிறது. வெளியே சொல்ல வெட்கப்பட்டு நிலா மேல் பழி போடுகிறான், மடையன்.

ஓர் ஆம்பிளையின் பாதி வேலியை அடுத்தவர் போட்டால், அவன் கதை முடிந்தது என்று இந்த ஊரில் அர்த்தம். மறுநாளே மாடுகளைச் சல்லிசாக வாங்க மாட்டுத் தரகன் வாசலில் நிற்பான். நின்றால் நிற்கட்டும், எனக்கென்ன, என் பீன்ஸ் பிழைத்தால் சரி என்றுதான் நிக்காசியா சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே, யாருக்கும் தெரியாமல் செய்வது எப்படி என்றும் யோசித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணி பஸ்ஸில் அவன் பூசைக்குப் போவான், பன்னிரண்டுக்குத்தான் திரும்புவான். அவள் தன் மதேரோ மரங்களில் தடித்த கிளைகளைப் போத்துகளாக வெட்டி வைத்திருந்தாள். நட்டால் துளிர்விட்டு மரமாகிவிடும், உளுத்துப்போகாது. முதல் ஞாயிறு உளுத்ததைப் பிடுங்கிவிட்டுப் பதினெட்டுப் போத்து நட்டாள். இடுப்பு விட்டுப்போயிற்று.

திங்கட்கிழமை பெத்ரோனா ஓடி வந்தாள். "உங்க வீட்டுக்காரர் வேலையை ஆரம்பிச்சுட்டாருக்கா! ஒத்தை ஆளா பதினெட்டு நட்டிருக்காரு! கேட்டா, 'நான் கை வச்சா அப்படித்தான்'ங்கிறாரு."

"ஆமாமா, பெரிய கெட்டிக்காரர்" என்றாள் நிக்காசியா. அவள் வேண்டியதும் இதுதான், இருந்தாலும் வயிறு எரிந்தது.

அடுத்த ஞாயிறு கம்பி. ஆணி அவன் பக்கம் இருந்தால்தான் ஊர் நம்பும், அதனால் அந்தப் பக்கம் போய் நின்றே அடித்தாள். அவன் மாடுகளில் தாண்டுகிற கிடேரி ஒன்று உண்டு, நாலு கம்பி போதாது, அஞ்சு வேண்டும். கடப்பாரையால் நெம்பி இழுத்து, யு ஆணி வைத்து அடித்து, அடுத்தது. வேலை அவளைப் பிடித்துக்கொண்டது. பதினோரு மணிக்குக் கடைசி ஆணி. கம்பியைத் தட்டிப் பார்த்தாள், ணங்கென்றது. சபாஷ் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சுத்தியலை எடுத்து, வீட்டுக்குப் போகத் திரும்பினாள்.

வேலி நின்றது. கோழி நுழைய இடமில்லை. வீடு அந்தப் பக்கம், அவள் இந்தப் பக்கம்.

அட, புத்தி கெட்டவளே!

ஒரு கோடியில் ஓடை, மழையில் கரை புரண்டு ஓடியது. மறுகோடியில் ரோடு, அதற்கு அவன் வாசல் வழியாகத்தான் போக வேண்டும். இரண்டு ஆணியைப் பிடுங்கலாம்தான், தான் அடித்ததைத் தானே பிடுங்க மனசு வரவில்லை. பஸ் வர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறதே, ஆளில்லாத வாசல்தானே என்று விறுவிறுவென்று நடந்தாள்.

தாழ்வாரத்து நாற்காலியில் தொரிபியோ உட்கார்ந்திருந்தான். வெள்ளைச் சட்டை, மார்பு திறந்து கிடந்தது.

"பூசைக்குப் போகல?" என்றாள்.

"போன வாரமும் போகல."

"அப்போ உள்ள உக்காந்து பாத்துக்கிட்டேதான் இருந்தியா? ஒரு செம்புத் தண்ணி கொண்டாரத் தோணல? இடது கை நல்லாத்தானே இருக்கு?"

"வெளிய வந்தா நீ போயிருப்ப."

அவன் தலை குனிந்துகொண்டான்.

"பொத்தான் போட முடியல, நிக்காசியா. தொறந்த சட்டையோட எப்படிப் பூசைக்குப் போறது."

இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை என்பது அவளுக்குப் புரிந்தது. சுத்தியலைத் தரையில் வைத்தாள். கீழேயிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள். விரல்களில் துரு ஒட்டியிருந்தது, வெள்ளைச் சட்டையில் அங்கங்கே கறை பட்டது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள்.

சுத்தியலை எடுத்துக்கொண்டு கேட்டைத் திறந்தவள், ரோட்டில் இறங்கிய பிறகுதான் திரும்பினாள்.

"அடுத்த ஞாயிறு ஆறரைக்கு இந்த இடத்துல வந்து நில்லு. பொத்தான் போட்டுவிடுறேன். உள்ள வரமாட்டேன், சொல்லிட்டேன்."