களையான முகம்

என் மகள் தீபிகா டிவியில் வரப்போகிறாள் என்று தெரிந்ததிலிருந்து பெங்களூர் ஈஜிபுராவில் எங்கள் சந்து முழுக்க அதே பேச்சு. அதுவும் கல்யாணப் பெண் வேஷம். பட்டுப்புடவை, நகை, நெற்றிச்சுட்டி எல்லாம் அவர்களே தருவார்களாம். வயது ஏறிக்கொண்டே போகிறது, வரன் அமையவில்லை, இப்படிப்பட்ட பெண்ணுக்கு இதைவிட நல்ல சகுனம் வேறென்ன வேண்டும் என்று நான் பூரித்துப்போனேன். என்னைச் சொல்ல வேண்டும்.

அது தொண்ணூற்றெட்டாம் வருஷம். நான் வீட்டிலேயே மெஸ் நடத்திக்கொண்டிருந்தேன். காக்ஸ் டவுனில் ஒரு பழைய பங்களாவில் தமிழ் காமெடி சீரியல் எடுக்கிறார்கள், யூனிட்டுக்குச் சாப்பாடு வேண்டும் என்று ரகு என்கிற மேனேஜர் என்னைத் தேடி வந்தான். சாம்பாரை ருசி பார்த்துக்கொண்டிருந்தவன், கார்மெண்ட்ஸ் வேலை முடிந்து உள்ளே வந்த தீபிகாவைப் பார்த்ததும் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டான்.

"சொர்ணக்கா, உங்க பொண்ணா? இப்படி ஒரு முகத்தைத்தான் தேடிக்கிட்டிருந்தோம். ஒரே ஒரு சீன். கல்யாணப் பொண்ணு. அனுப்புவீங்களா?"

பையன் கண்ணில் ஏதாவது கோளாறோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. தீபிகா அவள் அப்பா எத்திராஜின் நிறம். நல்ல கறுப்பு. எத்திராஜ் என்னைப் பெண் பார்க்க வந்தபோது அவர் நிறத்தைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஆம்பிளைக்கு எதற்கு நிறம்? அதே நிறம் மகளுக்கு வந்தது. ஓசூரிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் கேசரியைத் தின்றுவிட்டு, ஊருக்குப் போய்ச் சொல்லியனுப்புகிறோம் என்றார்கள். குடியாத்தத்துக்காரர்களும் அதையே சொன்னார்கள். இரண்டு கூட்டமும் இன்னும் ஊர் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது.

"நான் நடிக்கிறேம்மா," என்றாள் தீபிகா. எதற்கும் ஆசைப்பட்டு வாய் திறக்காத பெண். அவளே கேட்ட பிறகு நான் எப்படி மறுப்பேன்?

ஷூட்டிங்குக்கு ஒரு வாரம் இருந்தது. விடுவேனா? காலையில் பயத்தம் மாவு, ராத்திரி பாலாடை, நடுவில் ஒரு க்ரீம். வெயிலில் பஸ்ஸுக்கு நிற்கக் கூடாது என்று எத்திராஜை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடச் சொன்னேன்.

"டிவியில எல்லாருமே வெள்ளையாத்தான் தெரிவாங்க. அந்தப் பொண்ணு தோலை ஏன் இந்தத் தேய் தேய்க்கிற?" என்றார் அவர்.

"நீங்க சும்மா இருங்க. எல்லாம் உங்க உபயம்தான்," என்று அவர் வாயை அடைத்தேன்.

ஷூட்டிங் அன்று காலை சாப்பாட்டு அண்டாக்களோடு நாங்களும் வேனில் ஏறி காக்ஸ் டவுன் போய்ச் சேர்ந்தோம். மேக்கப்காரர் கன்னடக்காரர். தீபிகாவின் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். நான் பார்த்துப் பார்த்துப் போட்டுவிட்டிருந்த பவுடரை ஈரத்துணியால் ஒரே இழுப்பில் துடைத்தார். பிறகு ஒரு டப்பாவைத் திறந்து, அவள் நிறத்தைவிடக் கறுப்பாக எதையோ எடுத்துக் கன்னத்தில் பூச ஆரம்பித்தார். எனக்குப் பகீரென்றது.

"என்ன சார் பண்றீங்க? டப்பா மாறிப்போச்சா?"

"சும்னே இரி அம்மா," என்று கன்னடத்தில் என்னை அடக்கிவிட்டு, அரைகுறைத் தமிழில் சொன்னார். "டைரக்டர் சொல்லிட்டாரு. கறுப்பு பத்தலே. லைட்ல இன்னும் வேணும்."

கறுப்பு பத்தவில்லை என்று ஒரு மனிதர் சொல்லி என் ஆயுளில் அன்றுதான் கேட்டேன். சந்தோஷப்படுவதா, சண்டை பிடிப்பதா, எனக்கு விளங்கவில்லை. தீபிகாவோ பட்டுப்புடவையும் நெற்றிச்சுட்டியுமாகக் கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழகாகத்தான் இருந்தாள். அதுவும் எனக்குக் குழப்பமாக இருந்தது. ஒரு வாரம் நான் தேய்த்ததில் வராத அழகு அந்தக் கறுப்பு டப்பாவில் எப்படி வந்தது?

அதற்குள் ரகு ஓடிவந்தான். பெண்ணுக்கு அம்மாவாக நடிக்க வேண்டியவர் சென்னையில் ரயிலைத் தவறவிட்டுவிட்டாராம். "அக்கா, நீங்களே நின்னுடுங்க. பொண்ணுக்கு முன்னாடி நிக்கணும், அவ்வளவுதான்."

அம்மாவுக்கு அம்மா வேஷம் போட என்ன கஷ்டம்? ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு போய் நின்றேன்.

டைரக்டர் சரவணன் சின்ன வயசுக்காரர். மரியாதையாகத்தான் பேசினார். முனிகிருஷ்ணன் என்கிற நாடக நடிகர்தான் மாப்பிள்ளை. சிவப்பான பெண்ணைத்தான் கட்டுவேன் என்று ஊரெல்லாம் சவால் விட்டவர், பெண் பார்க்க வருகிறார். பெண் காப்பியோடு வருகிறாள். இவர் மயக்கம் போட்டு விழுகிறார். சீன் அவ்வளவுதான்.

"எதைப் பாத்து சார் மயக்கம்?" என்று கேட்டேன்.

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். நான் ஜோக் அடிப்பதாக நினைத்துவிட்டார்கள். எனக்கு நிஜமாகவே அப்போது புரியவில்லை. தீபிகாவைத் திரும்பிப் பார்த்தேன். அவளுக்குப் புரிந்திருந்தது.

"பரவால்லம்மா. நடிப்புதான?" என்றாள். கண்ணாடி முன்னால் இருந்த முகம் இல்லை அது.

"அம்மாவுக்கு டயலாக் எழுதல," என்றார் சரவணன். "பொண்ணு காப்பி கொண்டு வர்றப்போ வீட்டுல என்ன சொல்வீங்களோ, அதையே சொல்லுங்க."

யோசிக்கவே இல்லை. வாய் தானாகத் திறந்தது. "பொண்ணு கொஞ்சம் கறுப்புதாங்க. ஆனா களையான முகம்."

ஓசூர்க்காரர்களிடம் சொன்னது. குடியாத்தத்துக்காரர்களிடம் சொன்னது. அவர்கள் வாயால் வருவதற்கு முன்னால் நாமே சொல்லிவிட்டால் குறையாகப் பேச அவர்களுக்கு ஒன்றும் மிஞ்சாது என்பது என் கணக்கு. ஆனால் இங்கே சொன்னதும் லைட் பிடிக்கிறவர்கள் வரைக்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சரவணன் தொடையில் தட்டினார்.

"இதுதாம்மா டயலாக்! நான் உக்காந்து எழுதியிருந்தாக்கூட இப்படி வராது. முனி சார், அம்மா 'களையான முகம்'னு முடிச்ச உடனே நீங்க பொத்துனு விழணும். அதுக்கு முன்னாடி விழுந்துடாதீங்க."

நானும் சிரித்தேன். நாம் சொன்னதற்கு அத்தனை பேர் சிரிக்கும்போது சிரிக்காமல் எப்படி இருப்பது?

ஷாட் எடுத்தார்கள். நான் சொன்னேன், முனிகிருஷ்ணன் விழுந்தார். மனிதர் விழுவதில் கெட்டிக்காரர். எடுத்ததைச் சின்ன டிவியில் ஓட்டிப் பார்த்தார்கள். நானும் ஆசையாக எட்டிப்பார்த்தேன்.

முன்னால் நான் பல்லெல்லாம் தெரிய நிற்கிறேன். எனக்குப் பின்னால் காப்பித் தட்டோடு தீபிகா. நான் பேசத் தொடங்குகிறேன். பின்னால் அவள் உதடும் அசைகிறது. சத்தமில்லாமல், வார்த்தைக்கு வார்த்தை, நான் சொல்வதை எனக்கு ஒரு நொடி முன்னாலேயே சொல்கிறாள். சொல்லிவிட்டுக் கண்ணைத் தட்டில் இறக்கிக்கொள்கிறாள்.

வீட்டில் நான் எப்போதும் வந்தவர்களைப் பார்த்துத்தான் நிற்பேன். அவள் என் முதுகுக்குப் பின்னால் நிற்பாள். இந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை.

"ஏம்மா, அம்மா டயலாக்க நீ ஏன் சொல்ற?" என்றார் சரவணன். "வாய மூடிக்கிட்டு நில்லு. ஒன் மோர்!"

"ஸாரி சார். பழக்கத்துல வந்துடுச்சு," என்றாள் தீபிகா.

யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. லைட்டைச் சரிசெய்ய ஓடினார்கள்.

"தீபு, வா, போயிடலாம்," என்றேன் மெதுவாக.

"வேணாம்மா. இவ்வளவு பேர் காத்திருக்காங்க. நீ எப்பவும் போலச் சொல்லு, முடிஞ்சிடும்."

எப்பவும் போல. அவள் குத்திக்காட்டவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"ஆக்‌ஷன்!"

வாயைத் திறந்தேன். தானாக வரவேண்டியது வரவில்லை. மாப்பிள்ளைக்கு முதுகைக் காட்டித் திரும்பி அவளைப் பார்த்தேன். டைரக்டர் சொன்னபடி உதட்டை இறுக மூடிக்கொண்டு நின்றாள்.

"இவ என் பொண்ணு," என்றேன். "பேரு தீபிகா."

அதற்கு மேல் என்ன சொல்வது என்று தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் அந்த ஒரு வரியைத் தவிர அவளைப் பற்றி வேறு எதையும் நான் யாரிடமும் சொல்லிப் பழகவில்லை. யூனிட்டே என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. தீபிகாவும் நிமிர்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முனிகிருஷ்ணன் நெஞ்சில் கைவைத்து, முழங்காலைப் பாதி மடக்கி, விழுவதற்குத் தயாராகக் காத்திருந்தார். என்னைப் பார்த்தார், தீபிகாவைப் பார்த்தார், டைரக்டரைப் பார்த்தார்.

"சார், இப்ப நான் விழணுமா, வேணாமா?" என்றார்.