மடக்குச் சுவர்

என் வகுப்புக்கும் பக்கத்து வகுப்புக்கும் நடுவே இருந்த சுவரை விடுமுறையில் இடித்துவிட்டு, மடக்கித் திறக்கிற பலகைச் சுவர் ஒன்றை வைத்திருந்தார் ஆர்க்கிடெக்ட். இது ஒரு மாதிரிக்குத்தானாம், சரிப்பட்டால் புதுக் கட்டடம் முழுக்க இப்படித்தானாம். பிள்ளைகள் கூடினால் அறையைப் பெரிதாக்கலாம், குறைந்தால் சிறிதாக்கலாம் என்று தேன் ஒழுகப் பேசினார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் எதற்கு அழ வேண்டும்?

பக்கத்து வகுப்பு என் தங்கையுடையது. அவள் தற்காலிக ஆசிரியை. அடுத்த ஆண்டு நிரந்தரமாக்குவதாக வாய்வார்த்தை. சுவரை மடக்கினால் இரண்டு வகுப்பும் ஒன்று. ஒரு வகுப்புக்கு இரண்டு டீச்சர் எதற்கு என்று கேட்க எவ்வளவு நேரமாகும்? அந்த மனிதர் தினமும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எதையோ வரைந்தார். வெளிச்சம் எப்படி விழுகிறது என்று பார்க்கிறாராம். கண் என்னவோ என் மேலேயே இருந்தது. தலைமையாசிரியை வேறு புதிதாக என்னைப் பார்த்துச் சிரித்தார்.

தங்கையை ஒரு நாள் லீவு போடச் சொன்னேன். நான் சுவரைத் திறந்துவிடுவேன். வகுப்பு சந்தைக்கடையாகும். பார்க்கிறவர்களே பலகையைப் பிடுங்கிவிட்டுச் செங்கல்லுக்கு ஆள் அனுப்புவார்கள்.

“நீ சும்மா உக்காந்திருந்தாலே போதும்க்கா. மிச்சத்த அதுங்களே பாத்துக்கும்,” என்றாள்.

சொன்னபடியே சுவரைத் தள்ளினேன். கூரை பிய்ந்துகொண்டு போகிற இரைச்சல். நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். அப்போது தங்கை வகுப்புச் சிறுமி ஒருத்தி கழித்தல் கணக்கைத் தப்புத்தப்பாகப் போடுவது கண்ணில் பட்டது. என்னால் பொறுக்க முடியவில்லை. போய்ச் சொல்லிக் கொடுத்தேன். பக்கத்தில் இருந்தவனும் தலையை நீட்டினான். போர்டில் போட்டால் எல்லாருக்கும் புரியுமே என்று சாக்பீஸை எடுத்தேன். அவ்வளவுதான், கை நிற்கவில்லை.

திரும்பியபோது இரண்டு வகுப்பும் சத்தமில்லாமல் எழுதிக்கொண்டிருந்தது. வாசலில் தலைமையாசிரியையும் ஆர்க்கிடெக்ட்டும் நின்றார்கள். இரைச்சல் கேட்டு, இது சரிப்படாது, பழையபடி செங்கல் சுவரே கட்டிவிடலாம் என்று காட்டத்தான் தலைமையாசிரியையை அழைத்து வந்ததாகச் சொன்னார் ஆர்க்கிடெக்ட். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“வேணாம் சார், பலகையே இருக்கட்டும்,” என்றார் தலைமையாசிரியை. “ரெண்டு க்ளாஸையும் ஒருத்தரே பாத்துக்கலாம்னு இவங்களே காட்டிட்டாங்களே.”

சாயங்காலம் தங்கை கதவைத் திறந்ததும் சிரித்தபடி கேட்டாள். “நல்லா கத்துச்சுங்களாக்கா?”

“கொஞ்ச நேரம் கத்துச்சுங்க,” என்றேன்.

என்னை அவளுக்குத் தெரியும். சிரிப்பு மறைய உள்ளே போய்விட்டாள்.